ஜோசப்ராஜ் வீட்டுப் பூ

எங்கள் சந்தில் குடியரசு தினத்தன்று கொடிக்குள் வைத்துக் கட்டுகிற பூவைச் சங்கப் பணத்தில் வாங்குவதில்லை. போன குடியரசு தினத்துக்கும் இந்தக் குடியரசு தினத்துக்கும் நடுவில் எந்தெந்த வீட்டில் சாவு விழுந்ததோ, அந்தந்த வீட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் பூ வர வேண்டும். காலையில் மேசைமேல் கொடியை விரித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, இறந்தவர் பெயரைச் சொல்லி, 'இன்னார் வீட்டுப் பூ' என்று கொடியில் வைப்பார்கள். பிறகு அதைச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுவோம். கயிற்றை இழுத்ததும் முடிச்சு அவிழும். செத்தவர்கள் எல்லோரும் எங்கள் தலைமேல் உதிர்வார்கள். தாராவியில் வேறு எந்தச் சந்திலும் இந்த வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது தொடங்கியது தொண்ணூற்று மூன்றில். அந்த ஜனவரிக் கலவரத்தில் பம்பாய் பட்ட பாட்டைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சந்திலும் சாவு விழுந்தது, இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும். கர்ஃப்யூ தளர்ந்த பிறகும் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போகவில்லை. நான் அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. எங்கள் சந்து எனக்குக் கதவிடுக்கு வழியாகத்தான் தெரியும். இருபத்தாறாம் தேதி நெருங்கியது. கொடி ஏற்றுவதா வேண்டாமா என்று பேச்சு. எல்லா வீட்டுப் பூவையும் ஒரே கொடியில் கட்டி ஏற்றுவோம் என்று யாரோ சொன்னார்கள். அதைச் சொன்னது நான்தான் என்று இன்றைக்கு ஒரு பத்துப் பேராவது மார் தட்டுகிறார்கள். அதை எல்லாம் நம்பாதீர்கள். யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் கட்டினார்கள் என்று தெரியும். ஜோசப்ராஜ் கட்டினார். இரண்டு பக்கத்தாரும் நம்பிக் கொடியைக் கையில் கொடுக்க அன்றைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஜோசப்ராஜ் எங்கள் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். என் வீட்டுக்காரர் மன்சூர் அலியை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். பிறந்தது கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய தாத்தா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர். எண்பத்து மூன்று கலவரத்தில் தோட்டத்து வீடுகளுக்குத் தீ வைத்தபோது, மீசை முளைக்காத வயதில் படகேறி ராமேஸ்வரம் வந்திருக்கிறார். அகதி முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி பம்பாய் வந்துவிட்டார். முகாமை விட்டு அனுமதி இல்லாமல் அப்படி வரக் கூடாது. வந்ததால் அவர் பெயரில் எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் போய்விட்டது. இந்த விஷயம் சந்துக்கே தெரியும். ஆனால் ஒருத்தரும் வெளியே மூச்சு விட்டதில்லை. எங்கள் சந்தின் வாய்க்கு அது சாதாரணக் காரியமில்லை, என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருஷா வருஷம் முடிச்சு அவர்தான் போடுவார். போட்டுக் கொடுத்துவிட்டு, சந்து முனையில் இருக்கிற தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொள்வார். அவர் மனைவி லூர்து மேரியும் கூடவே போய் நிற்பாள். பூ அவ்வளவு தூரம் வராது. ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஏன், பூ மேல விழுந்தா சுட்டுருமோ?"

"என் பேர்ல ஒரு காயிதம் வரட்டும் மதினி," என்றார். "வந்த அன்னைக்குக் கம்பத்துக்கு அடியில வந்து நிக்கேன்."

அலையாத ஆபீஸ் இல்லை. தாத்தா இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். நாங்குநேரிக்குப் போய்ப் பார்த்தார். தாத்தாவைத் தெரிந்தவர்களும் இல்லை, தாத்தா இருந்த தெருவும் இல்லை. போன நவம்பரில் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே முடிந்துவிட்டது. சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

அதனால் இந்த வருஷம் கொடிக்கு அவர் வீட்டுப் பூவும் உண்டு.

சாவு விழுந்த வீடுகளுக்குப் போய் நினைவுபடுத்துவது என் வேலை. இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் முதலில் சங்கத் தலைவர் பிரம்மநாயகம் வீட்டுக்குப் போனேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலும் பூ உண்டு. அவர் மனைவி கலைச்செல்வி ஆகஸ்டு மழையில் போய்ச் சேர்ந்தாள்.

உள்ளே ஜோசப்ராஜின் மகள் ஜெஸி நின்றுகொண்டிருந்தாள். ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீஸ் பையைக் கூட இறக்கவில்லை.

"அப்பா போடுத முடிச்சு ஒனக்குத்தாம்மா தெரியும்," என்றார் பிரம்மநாயகம். "காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துரு."

ஜெஸி தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஆபிதா, ஜோசப்ராஜ் வீட்டுப் பூ மட்டும் இந்த வருஷம் வேண்டாம்."

"முடிச்சுப் போட மக வேணும், பூவுக்கு அப்பன் வேண்டாமோ? நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க நியாயம்!"

"கத்தாத. தாராவிய இடிச்சுக் கட்டணும்னு சர்வேகாரன் வீடு வீடா ஏறி காயிதம் கேட்டுட்டிருக்கான். நாளைக்கு வெளியாளுவ வாராவ. ஆளாளுக்கு மொபைல்ல வீடியோ எடுப்பானுவ. தேசியக் கொடில யார் பூவ வச்சியோன்னு எவனாவது கெளப்பி விட்டா, லஃப்டா யாருக்கு, வம்பு யாருக்கு? இந்தப் புள்ளைக்குத்தான். இருக்க வீடும் போயிரும்."

அவர் சொன்னதில் பயம் இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நான்கு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். ஜெஸி பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

நேராக லூர்து மேரியிடம் போனேன். மாட்டுங்காவில் போய் வெள்ளைச் செவ்வந்தி வாங்கி வந்து, இதழ் இதழாகப் பிய்த்துச் சுளகில் பரப்பி வைத்திருந்தாள். ஈரம் இருந்தால் இதழ் கொடியில் ஒட்டிக்கொள்ளும், உதிராது. அதற்காக விசிறிக் காற்றில் வைத்திருந்தாள். ஜெஸி சொல்லிவிட்டாள் போல, அழுது முடித்த முகம்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "மேரி, நீ இதை எங்கிட்ட குடு. கலைச்செல்வி வீட்டுப் பூவோட கலந்து வச்சிருதேன். அண்ணாச்சிக்கே தெரியாது. பூவுல பேரா எழுதியிருக்கு?"

எனக்கு அது பெரிய யோசனையாகத் தோன்றியது. அவள் சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. போலீஸ் வண்டி வந்தா பின்வாசல், கணக்கெடுக்க வந்தா ஒங்க பட்டறைப் பரண். அந்த மனுசன் வாழ்நாள் பூரா ஒளிஞ்சே கெடந்தாரு. பூவும் ஒளிஞ்சு போவணுமா?" என்றாள். "போனா அவரு பேரச் சொல்லிப் போவட்டும். இல்லைன்னா வீட்டுலயே கெடக்கட்டும்."

வெட்கமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

காலையில் சந்து முழுக்கத் தோரணம். மேசையில் கொடியை விரித்து, நான்கு மூலையிலும் ஆட்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கயிற்றை இழுக்க வேண்டிய பிரமுகர் இன்னும் வரவில்லை. ஜெஸி வெள்ளைச் சுடிதார் போட்டு, முடிச்சுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மேசைக்கருகில் நின்றாள்.

வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பெயரைச் சொன்னார்கள். பூவை வைத்தார்கள். ஒரு வீட்டுப் பெண் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் விம்ம, கூட வந்தவர்கள் சொன்னார்கள். தலைவர் வீட்டுப் பூ எப்போதும் கடைசி. பிரம்மநாயகம் ஒரு சின்னப் பையில் சிவப்பு ரோஜா இதழ் வைத்திருந்தார். அவர் முன்னால் வருவதற்குள் லூர்து மேரி சுளகோடு வந்து நின்றாள்.

கொடியின் மூலைகளைப் பிடித்திருந்தவர்கள் பிரம்மநாயகத்தைப் பார்த்தார்கள்.

"மேரிம்மா," என்றார் பிரம்மநாயகம் மெதுவாக, "நான் ஆபிதாகிட்ட சொல்லியிருந்தேன்."

"சொன்னாவ அண்ணாச்சி. கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்." சுளகை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "அவரு படகுல வந்தவருதான். காயிதம் இல்லாதவருதான். எல்லாருக்கும் தெரிஞ்சத நானே வாய் விட்டுச் சொல்லுதேன். இனிமே அவர எங்க புடிச்சு அனுப்புவாங்க? சிவ்ரில படுத்திருக்காரு. மண்ணு அவர எடுத்துக்கிடிச்சு, ஒரு காயிதமும் கேக்கல. கொடி எடுத்துக்கிடுமா எடுத்துக்கிடாதா? அத மட்டும் சொல்லுங்க. எடுத்துக்கிடாதுன்னா நான் திரும்பிப் போறேன். ஒங்க மேல எனக்குக் கோவம் கெடையாது."

பிரம்மநாயகம் ஜெஸியைப் பார்த்தார். "ஒனக்காவத்தாம்மா நான்..."

"என் பேர்ல எல்லாம் இருக்கு அங்கிள்," என்றாள் ஜெஸி. "ஆதார், பாஸ்போர்ட், வோட்டர் கார்டு, சப் குச். எனக்காகப் பயந்துக்கிட்டு எங்கப்பா பேர விட்டுறாதீங்க." கயிறு அவள் கையிலேயே இருந்தது. கட்டமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் கையிலிருந்த ரோஜாப் பையைக் குனிந்து பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும், சந்துக்கே தெரியும். கலைச்செல்வி செத்த அன்று அடைமழை. சந்தில் முட்டளவு தண்ணீர். வண்டி உள்ளே வரவில்லை. பாடையைப் பெரிய ரோடு வரைக்கும் தோளில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்பக்கம் ஒரு தோள் பிரம்மநாயகத்தின் தம்பி. இன்னொரு தோள் ஜோசப்ராஜ். அவருக்கு அப்போதே மூச்சு வாங்கும். மாற்றுத்தோள் கொடுக்கிறோம் என்று எத்தனையோ பேர் கேட்டும் கடைசி வரை இறக்கவில்லை.

பிரம்மநாயகம் ஒலிபெருக்கிக்காரனிடம் கை நீட்டினார். மைக்கை வாங்கிக்கொண்டார். வெளியாட்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்த அதே மனிதர்தான்.

"என் வீட்டுக்காரியச் சொமந்த தோளு," என்றார். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "ஜோசப்ராஜ் வீட்டுப் பூ."

லூர்து மேரி சுளகைச் சாய்த்தாள். வெள்ளை இதழ்கள் கொடியின் நடுவில் விழுந்தன. அவற்றின் மேலேயே பிரம்மநாயகம் தன் ரோஜா இதழ்களைக் கொட்டினார். "கலைச்செல்வி வீட்டுப் பூ." யாரோ மொபைலில் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எடுக்கட்டும் என்று நின்றார்.

ஜெஸி கொடியைச் சுருட்டினாள். அப்பாவைப் போலவே முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சைப் போட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. கொடி உச்சிக்குப் போயிற்று. பிரமுகர் வந்தார், மாலை வாங்கினார், கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் முடிச்சு அவிழ்ந்தது. காயிதம் வந்தால் கம்பத்துக்கு அடியில் வந்து நிற்கிறேன் என்று சொன்ன மனுஷன், காயிதம் வராமலேயே கம்பத்தின் உச்சியிலிருந்து எங்கள் தலைமேல் வந்தார். பிரம்மநாயகத்தின் வழுக்கைத் தலையில் வெள்ளை இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்து மேரியின் கையைப் பிடிக்கத் திரும்பினேன். அவளைக் காணோம். பார்த்தால், சந்து முனையில், குழாய்ப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருக்கிறாள். பழக்க தோஷத்தில் அங்கே போய்விட்டாள் என்று நினைத்து எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன்.

"இவ்வளவு பாடுபட்டு இங்கன வந்து நிக்கியே! வாட்டி, அங்க வந்து நில்லு. இன்னைக்கு ஒனக்கில்லாத எடமா?"

"இல்லக்கா," என்றாள் அவள் கண்ணை எடுக்காமல். "நீங்க இங்கன வந்து நின்னு பாருங்க. இங்கருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும்னு சொல்லுவாரு. காயிதம் வந்தாலும் நான் இங்கனதான் நிப்பேன், மதினிகிட்ட சொல்லிராதன்னு சிரிப்பாரு."

நின்று பார்த்தேன். கம்பத்தடியில் நிற்கும்போது கழுத்தை ஒடித்துத்தான் மேலே பார்க்க வேண்டும். மின்கம்பியும் கேபிள் வயரும் நீலத் தார்ப்பாயும் மறைத்தது போக, கொடியின் ஏதோ ஒரு மூலைதான் கண்ணில் படும். குழாயடியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிகளுக்கு நடுவில் வானம் திறந்திருந்தது. அதில் கொடி காற்றுக்கு விரிந்து பறந்தது, ஒரு மடிப்பு இல்லாமல்.

தேசிய கீதம் தொடங்கியது. நாங்கள் இருவரும் அங்கேயே நிமிர்ந்து நின்றோம். இத்தனை வருஷமாக அந்தக் கொடிக்கு அடியில் நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்தேன்.