மலை தெரிகிற படம்

படத்தில் இருந்தது அவளுடைய கட்டைவிரல்தான். பள்ளி விடுதிச் சமையற்கட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மகிரீத்தாவின் முகத்துக்கு நேரே அந்தப் பெண் போலீஸ் போனை நீட்டியபோது, செடிக்கு முன்னால் கண்ணில் பட்டது அதுதான். போன மாதம் அண்டா மூடி விழுந்து கறுத்துப்போன நகம். அளவு தெரியட்டும் என்று செடிக்குப் பக்கத்தில் விரலை வைத்து எடுத்திருந்தாள். மாவுக்குள் கையை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டாள்.

"ரோட்டுல ஒரு காரை மறிச்சோம்க்கா. ரெண்டு அட்டைப்பெட்டி நிறைய செடி. டிரைவர் போன்ல இந்தப் படம். எந்த இடம்னு தெரியுதா? நீங்க தினம் மலைக்குப் போறவங்கன்னு சொன்னாங்க."

"முட்டி வலிக்கு நடக்குறேன். செடி கிடியெல்லாம் யாரு பாக்குறா?"

"இந்தப் படத்தை முன்னாடி பார்த்ததே இல்ல?"

"இல்ல."

போலீஸ்காரி மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை முடிந்ததும் மகிரீத்தா வீட்டுக்குப் போகவில்லை, நேரே மலையேறினாள். அவள் வீட்டுப் பின்கதவிலிருந்து இருபது நிமிட நடை. சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல். மகள் கழித்துவிட்ட போனில் ஏழு வருடமாக இந்தச் சரிவைப் படம் பிடிக்கிறாள். கையகல ஆமை, தன் வாலையே கவ்விச் சுருண்டு கிடக்கும் முள்பல்லி, மணலில் குள்ளநரியின் காலடி. ஆனால் உயிர் இந்தச் செடிகள் மேல்தான். இலை கிடையாது, தண்டு கிடையாது. கைக்குழந்தையின் கால்விரல் நுனிபோலக் கல்வெடிப்பில் பிதுங்கி நிற்கும். ஊரில் அதற்குப் பெயரே கால்விரல்தான். கோடை முழுக்கக் காகிதத் தோலுக்குள் செத்ததுபோலக் கிடந்து, முதல் மழைக்குத் தோலைக் கிழித்துக்கொண்டு பச்சையாக வெளியே வரும். உள்ளங்கை அகலக் கொத்து என்றால் அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே முளைத்தது என்று அர்த்தம்.

அவள் படமெடுத்த வெடிப்பு காலியாக இருந்தது. திருப்புளியால் நெம்பிய இடத்தில் கல் புதிதாய்ச் சிதறியிருந்தது. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும். உரிந்த தோல்கள் மட்டும் வெங்காயச் சருகுபோலக் காற்றில் புரண்டன.

செடியைப் படமெடுக்கிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் இந்த நமாக்குவாலாந்து வறட்டுப் பூமியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தில் வானம் விழக் கூடாது, மலையின் விளிம்பு விழவே கூடாது. விளிம்பு தெரிந்தால் போதும், வெளிநாட்டுக்கு விற்கத் தோண்டுகிற திருடன் அதைப் பிடித்துக்கொண்டே செடிமுன்னால் வந்து நிற்பான். அவள் படங்களில் கல்லும் செடியும் விரலும்தான் இருக்கும், ஒரே ஒரு படத்தைத் தவிர. அது அண்ணன் அப்ராமுக்காக எடுத்தது. முப்பது வருடம் செம்புச் சுரங்கத்தில் பாறைத்தூள் தின்ற நெஞ்சு அவனுக்கு. வாசற்படி ஏறவே இரண்டு தடவை நிற்பான். "வெறும் கல்லைக் காட்டினா நான் என்னத்தப் பாக்குறது? மலையோட சேர்த்து எடும்மா. நானும் ஏறிப் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கேட்டான். எடுத்தாள். அவனுக்கு மட்டும் அனுப்பினாள். போலீஸ்காரி காட்டியது அந்தப் படம்தான்.

மலையிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்ராம் சன்னலோரம் நாற்காலியில் இருந்தான். அவள் உள்ளே வந்த வேகத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"யாருக்குண்ணே குடுத்த?"

அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கேப் டவுன்காரன் ஒருத்தன். ரெண்டு மூணு தடவை வந்து உக்காந்து பேசினான். செடியை ரசிக்கிறவன்னு நெனச்சேன்."

"ரசிக்கிறவன்தான் ஃபிரிட்ஜ் வாங்கிக் குடுத்தானா?"

மூலையில் இருந்த ஃபிரிட்ஜில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட இன்னும் உரியவில்லை.

"செடிதானே மாக்ரி. இந்த மலையைக் கொடஞ்சு கொடஞ்சு செம்பு எடுத்தானுங்க. அப்ப எந்தப் போலீஸ் வந்துச்சு? என் நெஞ்சை எடுத்தானுங்களே, அதுக்கு வந்துச்சா?"

அவன் சொன்னது நிஜம். அதனாலேயே இன்னும் எரிந்தது.

"உனக்காகப் பொய் சொல்லிட்டு வந்து நிக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லன்னு."

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றான். குரல் உள்ளே போய்விட்டது. "அவங்க காலையிலயே எங்கிட்ட வந்துட்டாங்க. டிரைவர் என் பேரைச் சொல்லிட்டான். நான்... படம் எடுத்தது நீதான்னு சொன்னேன். அந்தக் கேப் டவுன்காரன்கிட்ட விலை பேசினதும் நீதான்னு சொல்லிட்டேன். இந்த நெஞ்சோட லாக்கப்புல நான் ஒரு நாள் தாங்க மாட்டேன் மாக்ரி. நீ திடமானவ."

கை புதைந்த மாவை அந்தப் போலீஸ்காரி ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது இப்போது புரிந்தது. மகிரீத்தாவுக்கு உட்காரத் தோன்றியது. இந்த வீட்டில் உட்காரவும் பிடிக்கவில்லை.

அப்ராம் சன்னல் திட்டிலிருந்து ஒரு மார்ஜரின் டப்பாவை எடுத்தான். "கோவிச்சுக்காத. உனக்குன்னு ஒரு கொத்து கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். தினம் தண்ணி ஊத்துறேன்."

தண்ணீர் தாங்காமல் செடியின் ஒவ்வொரு விரலும் வாய் பிளந்து, உள்சதை பிதுங்கிக் கிடந்தது. அவள் கையை நீட்டவில்லை. அவனே அவள் கையை இழுத்து டப்பாவை வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

வெளியே சரளையில் டயர் அரைபட்டு நின்றது. வண்டிக் கதவு இரண்டு முறை சாத்தப்பட்டது. அப்ராம் நாற்காலியைச் சன்னலிலிருந்து சுவரோரம் நகர்த்திக்கொண்டான். டப்பாவின் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டி, அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.