ராஜா காலில் விழும் காட்சி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்த நாடகம் போட்டாலும் ராஜா வேஷம் லெட்சுமணக் கங்காணிக்குத்தான். அது யாரும் எழுதி வைக்காத சட்டம். தகரக் கிரீடம்கூட அவன் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். வசனம் பாதியில் நின்றுபோகும், பாட்டு தாளத்தில் நிற்காது, ஆனாலும் ராஜா அவன்தான். மந்திரி வேஷத்துக்குத்தான் போட்டி. மேடையில் அவனுக்கு வெண்சாமரம் வீசியவனுக்கு மறுநாள் பால் வெட்ட நல்ல கித்தா மர நிரை கிடைக்கும்.

ராஜாவாக நடிக்க அவன் சிரமப்பட வேண்டியதும் இல்லை. விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது அவன் கையில் ரோத்தான் இருக்கும். நல்ல பிரம்பு, முனையில் தோல் சுற்றியது. பிந்தி வந்தவர்கள், பதில் சொன்னவர்கள், அவன் கண்ணுக்குப் பிடிக்காதவர்கள் எல்லோர் முதுகுக்கும் அதைத் தெரியும்.

எனக்கும் தெரியும். காய்ச்சலில் கிடந்து ஒருநாள் நான் பெரட்டுக்குப் பிந்திப் போனேன். தோளில் ஓர் அடி விழுந்தது. எலும்பு வரைக்கும் இறங்கிய அடி. இரண்டாவது அடிக்கு அவன் கையை ஓங்கியபோது பிரம்பு கீழே வரவில்லை. என் வீட்டுக்காரர் அய்யாவு அதன் முனையைப் பிடித்திருந்தார். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். கங்காணி இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மறுபடியும் இழுத்தான். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. "கைய கட்டிப் போட்டா நீ என்னடா பண்ணுவ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் எனக்கே பயம். அன்று இரவெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன்.

"அவன் மேல மட்டும் கை வச்சிராதீங்க. சின்னத்தம்பி கதி தெரியும்ல?"

கங்காணியை ஒரே ஒரு அறை அறைந்ததற்காக சின்னத்தம்பி ஜெயிலுக்குப் போனான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைச் சட்டி பானையோடு அன்றைக்கே லயத்து வீட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். எங்களுக்கு ஒரே பெண், செல்வராணி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள். அவளோடு தெருவில் நிற்க எனக்கு மனமில்லை.

"வைக்க மாட்டேன்டி காளி" என்றார்.

இங்கிலீஷ் ராஜாவுக்கு வெள்ளிவிழா வந்த வருஷம் அது. சிகாமட் சுற்று வட்டாரத்துத் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரு நாடகம் காட்டவேண்டும் என்று எங்கள் துரைக்கு ஆசை. அவர் பெண்டாட்டி சீமையிலிருந்து புதிதாக வந்திருந்தாள். ராஜசேகரன் வாத்தியார் பிள்ளைகளுக்கென்றே ஒரு கதை எழுதினார். ராணியின் மோதிரம் காணாமல் போகிறது. ராஜா அரண்மனைத் தோட்டக்காரனைத் திருடன் என்று கம்பத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிறான். பிறகு மோதிரம் காக்கைக் கூட்டில் கிடைக்கிறது. ராஜா தோட்டக்காரன் காலில் விழுந்து, சவுக்கை அவன் கையில் கொடுத்து, "நீ பட்ட அடியை எனக்கும் கொடு" என்கிறான். தோட்டக்காரன் சவுக்கை வீசி எறிந்து, "மன்னித்தேன் மன்னா, எழுந்திருங்கள்" என்கிறான். சுபம். எங்கே நடக்கும் இந்த அதிசயம் என்று கேட்கக்கூடாது, பிள்ளைகளுக்கான கதை.

ராஜா யார் என்று கேட்க வேண்டியதில்லை. தோட்டக்காரனாக என் வீட்டுக்காரரைப் போடச் சொன்னவனும் அந்த ராஜாதான்.

"வேணாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"தொரை, தொரைசானி, அத்தனை பிள்ளைங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அங்க வச்சு என்ன பண்ணிருவான்?" என்றார். செல்வராணிக்கோ தலைகால் புரியவில்லை. ராஜா, ராணி, காக்கை என்று வீட்டில் எல்லா வேஷமும் அவளே போட்டு அப்பாவுக்கு வசனம் பழக்கினாள். அவளுக்காகத்தான் அவர் ஒத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

ஒத்திகையில் கங்காணி சாதுவாக இருந்தான். கையில் சணல் கயிறு. வாத்தியார் சொன்னபடி அதைக் கம்பத்தில் அடிப்பான், சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரர் துள்ளுவார். கடைசிக் காட்சி வரும்போது மட்டும் கிரீடத்தைக் கழற்றிவிடுவான்.

"கால்ல விழுறதுதானே வாத்தியாரே, அன்னைக்கு விழுந்துக்கலாம். இதுக்கு என்ன பழக்கம் வேண்டிக்கிடக்கு?"

வாத்தியாருக்கு அவனிடம் வாய் திறக்கப் பயம்.

நாடகத்தன்று பால் நிறுத்து முடிந்ததும் பால் கொட்டகைத் திண்டை மேடையாக்கி, போர்வைகளைக் கட்டித் திரை விட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் லாரியில் வந்து இறங்கினார்கள். கொட்டகை முன்னால் பாயில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில் துரையும் துரைசானியும், அவர்களுக்கும் பின்னால் நாங்கள். செல்வராணி முதல் வரிசையில் எண்ணெய் வழியும் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியார் திரைக்கு முன்னால் வந்து பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். கதையை முன்கூட்டியே வகுப்பில் சொல்லியிருந்தார். சின்னதுகள் பயந்து அழுதுவிடும் என்று அவருக்குக் கவலை.

"மேடையில அடிக்கிறது எல்லாம் பொய்யி. சிவப்பா தெரியிறது குங்குமத்த எண்ணெயில கொழச்ச சாயம். யாரும் அழக்கூடாது. நல்லா இருந்தா கை தட்டணும். சரியா?"

"சரி சார்" என்று அத்தனை பிள்ளைகளும் சொன்னார்கள்.

மோதிரம் காணாமல் போனது. என் வீட்டுக்காரரைக் காவலாளி வேஷம் போட்ட மூர்த்தி இழுத்துவந்து கம்பத்தில் இறுக்கிக் கட்டினான். முதுகில் முன்னமே சாயம் பூசியிருந்தார்கள், மேலே ஒரு துண்டு. ராஜா உள்ளே போய் வந்தான். அவன் கையில் சணல் கயிறு இல்லை, ரோத்தான் இருந்தது.

துண்டை உருவிவிட்டு அடித்தான். அடி கம்பத்தில் விழவில்லை.

அந்தச் சத்தத்தை என் தோள் அறியும். என் வீட்டுக்காரர் துள்ளவில்லை. உடம்பு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. கங்காணி வசனம் பேசுவதை நிறுத்திவிட்டான். மூச்சு வாங்கியது, கிரீடம் சரிந்தது, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்தான். தோல் பிளந்து ரத்தம் சாயத்தின் மேலேயே வழிந்தது. எது ரத்தம் எது சாயம் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் கை தட்டினார்கள். துரைசானியும் வெள்ளைக் கையுறையோடு தட்டினாள்.

நான் எழுந்து கத்தினேன். "நெசமா அடிக்கிறான், நிறுத்தச் சொல்லுங்க."

துரை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பெண்டாட்டியின் காதில் ஏதோ சொன்னார், அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரை ஓரத்திலிருந்து வாத்தியார், உட்காரம்மா, சாயம்மா, சாயம் என்று சைகை காட்டினார். நாசமாய்ப் போன சாயம். பக்கத்தில் இருந்த பெண்கள் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

கை சலித்த பிறகு கங்காணி நிறுத்தினான். காக்கை வேஷம் போட்ட பையன் மோதிரத்தோடு வந்து, ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து, அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். ராஜா மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டான்.

"கிடைத்தாலும் இவன் கள்வன்தான். இழுத்துப் போங்கள்" என்றான். திரையை மூடச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. கேட்ட கதை இப்படி இல்லையே. முதலில் ஒரு சலசலப்பு. பிறகு செல்வராணி எழுந்து நின்று, "ராஜா கால்ல விழணும்" என்றாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். விழணும், விழணும் என்று கொட்டகைத் தகரம் அதிரும்படி கத்தினார்கள்.

துரைக்கு ஒரே குஷி. கதை அவருக்கும் தெரியும். நாற்காலியில் இருந்தபடியே தோட்டத் தமிழில் சொன்னார்.

"ஏ கங்காணி. கதை முடியலே. ராஜா விழணும். நீ விழு."

துரை சொன்ன பிறகு மறுவார்த்தை ஏது? மூர்த்தி கட்டை அவிழ்த்தான். என் வீட்டுக்காரர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கங்காணி முட்டி போட்டான், பிறகு குப்புற விழுந்தான். ரோத்தானை நீட்டினான். அவர் வாங்கினார். மன்னித்தேன் மன்னா, எழுந்திருங்கள் என்ற மூன்று சொல்தான் பாக்கி. அதைச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் சாமி என்று நான் கும்பிட்டபடி இருந்தேன்.

அவன் அங்கே தரையில் கிடந்தபடி என்ன முணுமுணுத்தான் என்பது அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சீக்கிரம் சொல்லித் தொலைடா. நாளைக்குப் பெரட்டுல உன் பொண்டாட்டி முதுகுல மிச்சத்த வச்சுக்கிறேன்."

ரோத்தான் மேலே போனது. இறங்கிய வேகத்தில் பட்டுச் சட்டை கிழிந்தது. கங்காணி ஊளையிட்டான். கிரீடம் உருண்டு பிள்ளைகள் நடுவில் விழுந்தது.

பிள்ளைகள் ஒரு நொடி வாயைப் பிளந்தார்கள், பிறகு கை தட்டினார்கள். வாத்தியார் சொன்ன கதையைவிட இது நன்றாக இருந்தது அவர்களுக்கு. கங்காணி எழப் பார்த்தான், இடுப்பில் மிதி விழுந்தது. முதுகு, தோள், தடுத்த கை, எங்கே கிடைத்ததோ அங்கே அடி. "நெசமா அடிக்கிறான் தொரை" என்று அலறினான். நான் அலறிய அதே சொல். துரை தொடையைத் தட்டிச் சிரித்து, "நல்லா நடிக்கிறே கங்காணி" என்றார்.

எனக்குள் என்ன இருந்தது என்று ஒளிக்கப் போவதில்லை. இனித்தது. ஒவ்வோர் அடியும் இனித்தது. லயம் போகட்டும், ஜெயில் வரட்டும், அவன் எலும்பு நொறுங்கட்டும் என்றிருந்தது. என் சேலையைப் பிடித்து உட்கார வைத்த பெண்கள் இப்போது எழுந்து நின்றார்கள்.

செல்வராணி மட்டும் கை தட்டவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா வசனத்தை மறந்துவிட்டார், அவ்வளவுதான். மேடை ஓரமாக ஏறினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவளும் நாடகத்தில் ஒருத்தி என்று நினைத்திருப்பார்கள். பின்பக்கமாகப் போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, மன்னிச்சேன்னு சொல்லணும்."

அவர் காதில் விழவில்லை. அடுத்த அடிக்காகக் கையைப் பின்னால் வீசினார். ரோத்தானின் முனை அவள் முகத்தில் விழுந்தது.

அவள் அழக்கூட இல்லை. கண்ணை இரு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். விரல் சந்துகளில் ரத்தம் வந்து பாவாடையில் சொட்டியது. கைதட்டல் முன்வரிசையில் நின்றது, அடுத்த வரிசையில் நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை ஒன்று, "சார், அதுவும் சாயமா?" என்று கேட்டது. துரை எழுந்து நின்றார்.

தோட்டத்து டிரஸ்ஸர் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டு, கருவிழி கிழிந்திருக்கிறது, சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், பார்வை தேறுமா தெரியாது என்றார். துரை போலீசைக் கூப்பிடவில்லை. அடிக்கிறபோதெல்லாம் சிரித்துத் தொடை தட்டியவர் போலீசிடம் என்னவென்று சொல்வார்? இன்றைக்கே வெளியே போ என்றதோடு முடித்துக்கொண்டார். கங்காணியை நாலு பேர் கட்டிலில் கிடத்தித் தூக்கிப்போனார்கள். அவன் பிழைத்தான், கங்காணியாகவேதான் இருந்தான்.

லாரியில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் கித்தா மரங்களுக்கு நடுவே செம்மண் சாலையில் சிகாமட்டைப் பார்த்து நடந்தோம். என் தலையில் மூட்டை. அவர் முதுகில் சட்டை ஒட்டிக் காய்ந்திருந்தது. செல்வராணி பாதி முகத்துக்குக் கட்டோடு அவர் விரலைப் பிடித்து நடந்தாள்.

"அப்பா" என்றாள். "கடைசி வசனம் மறந்துபோச்சாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் கெஞ்சினேன். ஒரு பொய்தானே. அந்தப் பிள்ளைக்கு அது போதும், அதை வைத்துக்கொண்டு அவள் தேறிவிடுவாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மறக்கல" என்றார்.

அவள் கொஞ்ச தூரம் அப்படியே நடந்தாள். பிறகு விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, என் பக்கம் வந்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.