உத்தரவு என்னுது

டுவேன் ஹாக்கன்சன் அமெரிக்காவில் மின்னசோட்டாவின் எல்க் ஃபோர்ட் ஊரில் இருபத்தாறு வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். மேலதிகாரிகளை அவன் நம்புவதில்லை. சூடு கண்ட பூனை. ஐந்து வருஷத்தில் மூன்று பேர் வந்து போனார்கள். ஒருத்தன் தினமும் டோனட் வாங்கி வைத்தான். இன்னொருத்தன் "நாம் ஒரே குடும்பம்" என்று சுவரில் படம் மாட்டினான். மாட்டிய வாரமே ஓவர்டைமை வெட்டினான். மூன்றாமவன் முகமே யாருக்கும் ஞாபகமில்லை.

இப்போது வந்திருப்பவள் மார்லிஸ் ப்ராண்ட், ஐம்பது வயதுக்காரி. இவளும் அந்த ரகம்தான் என்பது டுவேனின் கணக்கு. பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், அவனுக்கு வேலை தயாராக இருந்தது. வியாழன் மதியத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். சொல்வதாகத்தான் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை மார்லிஸ், எந்தத் தெருவை எப்போது தள்ளுவது என்ற புது வரிசைத்தாளை நீட்டினாள். "முதல்ல பள்ளிக்கூட வாசல், அப்புறம் ஏரி ரோடு."

"ஆகாதுங்க. ஏரி ரோட்டைத் தள்ளுனா அந்தப் பனி பூரா வாசல்லதான் போய் விழும். வாசலைக் கடைசியாத் தள்ளணும்."

"வரைபடத்தைப் பாத்துத்தான் போட்டேன், டுவேன்."

"வரைபடத்துல பனி பெய்யாதுங்க."

சக டிரைவர் கர்ட் கெக்கெக்கே என்று சிரித்தான். வரிசை மட்டும் மாறவில்லை.

புதன் விடியலில் முழங்கால் அளவு பனி. டுவேன் தாளில் இருந்தபடியே, வீம்புக்கு ஓர் அடிகூட மாறாமல் தள்ளினான். ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நெஞ்சுயரப் பனிச்சுவர். வெளியே நான்கு மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன.

வயர்லெஸ்ஸில் கவுன்சிலர் கத்தினார். எட்டு லாரியிலும் கேட்டது. "யாருய்யா அந்த வாசலைத் தள்ளினது? நம்பரைச் சொல்லு!"

அந்த லாரிக் கொட்டகையில் பழி எப்போதும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். டுவேன் வயர்லெஸ் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். வரட்டும், கவுண்டிக்கு இன்றைக்கே போன் போட்டுவிடலாம்.

"நாலாம் நம்பர் லாரி," என்றாள் மார்லிஸ். "ஆனா உத்தரவு என்னுது. ஆகாதுன்னு டிரைவர் நேத்தே சொன்னார், நான்தான் கேக்கலை. திட்டணும்னா ஆபீசுக்கு வந்து என்னைத் திட்டுங்க. இப்ப லைனை விடுங்க, வேலை கிடக்கு. டுவேன், இதை எப்படிச் சரி பண்ணலாம்?"

இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அந்தப் பெட்டியிலிருந்து வந்ததே இல்லை.

"கர்ட்டை அனுப்புங்க. ரெண்டு லாரி சேந்து தள்ளினா இருபது நிமிஷம்."

பதினெட்டில் முடித்தார்கள். பஸ்காரர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். பிள்ளைகள் ஜன்னலைத் தட்டிக் கூத்தடித்தார்கள்.

"மேடம்," என்று கர்ட் வயர்லெஸ்ஸில் இழுத்தான், "கவுன்சிலர் வீட்டு வாசலையும் புது வரிசைப்படியே தள்ளிடட்டுமா?"

"வரிசையெல்லாம் இனிமே டுவேனைக் கேளு."

எட்டு லாரியிலும் சிரிப்பு.

வியாழன் பதினோரு மணிக்கு டுவேன் கவுண்டிக்குப் போன் போட்டான். "நான் வரலைங்க." அவ்வளவுதான் பேச்சு.

"என்னடா, காதலா?" என்றான் கர்ட்.

"வாயைக் கழுவுடா. ஒரு பனிக்குத்தான் தப்பை ஒத்துக்கிட்டிருக்கா. மார்ச் வரைக்கும் பாக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"அடுத்த மார்ச் வரைக்கும்."

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு வரிசைத்தாளைத் தன் பக்கம் இழுத்தான். அதில் இன்னும் பதினோரு தெரு தப்பாக இருந்தது.