கதவிடுக்கில் ஐஸ் குச்சி

தேநீர்த் தட்டோடு ஷெட்டுக்குள் நுழைந்த ஜானிஸின் கண்ணில் முதலில் பட்டவை கார் கதவுகள்தான். அவள் கணவன் ரோலண்ட் இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்துப் போர்வை போர்த்தியிருந்தான். அடுத்துப் பட்டது அவனுடைய புது ஓவரால். நெஞ்சில் கிளப்பின் சின்னம் தைத்திருந்தது. வேலையில் எப்படியோ, உடுப்பில் மட்டும் அவன் குறை வைத்ததே இல்லை.

டட்லி ஊரின் பழைய கார் கிளப்புக்கு அவன் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் நாலைந்து பேரை வேடிக்கை பார்க்க அழைத்திருந்தான். பன்றி இறைச்சி ரொட்டியைக் கடித்தபடி அவர்கள் ஜானிஸின் அப்பா எர்னஸ்டின் வண்டியைச் சுற்றி நின்றார்கள். கூரையில்லாத, இரண்டே இருக்கைகள் கொண்ட பச்சை வண்டி. தளம் துருவேறி இற்றுப்போயிருந்தது. கூரையில்லாத வண்டிக்குத் தளம்தான் முதுகெலும்பு. அப்படியே வெட்டினால் உடல் மடங்கிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக் கொடுப்பார்கள். ரோலண்டும் கொடுத்திருந்தான், பாலம் கட்டுகிறவன் மாதிரி.

"லாரி ஏறினாலும் இது அசையாதுப்பா."

"தலைவர் கை வச்சா அப்பீல் ஏது?" என்றான் வந்திருந்தவர்களில் ஒருவனான கீத். அவனுடைய சொந்த வண்டி பல வருஷமாகக் கழற்றிய பாகங்களாக அட்டைப்பெட்டிகளில் கிடக்கிறது.

ஜானிஸ் குனிந்து பார்த்தாள். வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த தாங்கிகள் மூக்குப் பக்கமும் வால் பக்கமும் மட்டும்தான் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. இற்ற தளம் ஏற்கெனவே தொய்ந்திருக்கும். குழாய்கள் அந்தத் தொய்வைத்தான் இறுகப் பிடித்திருக்கும். கதவை மாட்டிப் பார்த்திருந்தால் கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கே காட்டிக்கொடுத்திருக்கும். ஒவ்வொரு கோடையிலும் வெஸ்டன் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்று முடித்ததும் அப்பா குச்சியைச் சப்பிச் சுத்தமாக்கி, கதவிடுக்கில் மேலிருந்து கீழே இழுப்பார். சீராகப் போனால்தான் வண்டியை எடுப்பார். முதியோர் இல்லத்தில் இருப்பவரை வருகிற ஆகஸ்டில் இதே வண்டியில் அங்கே கூட்டிப்போவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கடுத்த ஆகஸ்டை அவர் பார்ப்பார் என்று யாரும் சொல்லவில்லை.

"கதவை மாட்டிப் பாத்துட்டா குழாயை வச்சே?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கதவு இருந்தா எப்படிம்மா உள்ள பூந்து வேலை செய்யிறது? நீ போய் இன்னொரு கெட்டில் டீ போடு," என்றான் ரோலண்ட்.

"இல்ல, நடுவுல பாரு..."

"ஜானிஸ், எனக்கு ரெண்டு சர்க்கரை," என்றான் கீத். மீசையில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது.

இந்த மூஞ்சிகளிடம் இரண்டாம் தடவை சொல்வதா? வெட்டட்டும் என்று நினைத்தாள். வெட்டி, மாட்டி, கதவு சாத்தாமல் முழிக்கட்டும். கிளப்பே கைகொட்டிச் சிரிக்கட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கெட்டில் கொதிக்கத் தொடங்கியபோது ஷெட்டில் வெட்டும் இயந்திரம் அலறியது.

ஆனால் கிளப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. புதுத் தளம் போட்டுச் சாயமும் பூசிய பிறகு கதவுகள் உட்கார மறுத்தன. ரோலண்ட் கீல்களை மாற்றினான், ஓரங்களை அரத்தால் தேய்த்தான், கடைசியில் முழங்காலால் முட்டிச் சாத்தக் கற்றுக்கொண்டான். கிளப்காரர்கள் தலையாட்டினார்கள். "பழைய வண்டின்னா அப்படித்தான் தலைவரே." ஆண்டு விருந்தில் அவனுக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். கைதட்டல் நடுவே ஜானிஸ் உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டாளை முட்டாளென்று கண்டுகொள்ளக்கூட இன்னொரு முட்டாளால் முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்டில் முதியோர் இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். வழக்கமாக வரும் ஐஸ்கிரீம் வேன் வந்திருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த எர்னஸ்ட் பாதி ஐஸைத் தின்றுவிட்டு மீதியைப் புல்லில் உதறினார். குச்சியைச் சப்பினார்.

"கிட்டத் தள்ளும்மா."

குச்சியைக் கதவின் கீழ்ப்பக்க இடுக்கில் வைத்தார். அது தொளதொளவென்று உள்ளே ஆடியது. மேலே கொண்டுவரக் கொண்டுவர இறுகியது. மருமகனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வெட்டுனப்போ நீ எங்கே இருந்தே?"

"டீ போட்டுக்கிட்டு இருந்தேம்பா."

"அதுக்கு முன்னாடி? பாத்தியா?"

ஜானிஸ், தான் இத்தனை மாதம் ரோலண்டைப் பார்த்த அதே பார்வையை அப்பாவின் கண்ணில் பார்த்தாள். அது இப்போது அவள் மேல் இருந்தது.

"ஏறுங்க மாமா, வெயில் போயிடும்," என்றான் ரோலண்ட், முழங்காலைத் தடவியபடி.

எர்னஸ்ட் நாற்காலியை விட்டு அசையவில்லை. குச்சியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவின் மேல்விளிம்பில் இறுகியிருந்த குச்சி, யாரும் பிடிக்காமலே அப்படியே நின்றது.