திரைக்கு ஒரு கொக்கி

முப்பத்தொன்பது மணி நேரம், ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அவ்வளவு தூக்கத்தை அவன் தன் பெண்டாட்டிக்குப் பாக்கி வைத்திருந்தான், வாயால் சொன்னதில்லை, ஆனால் படுக்கையறைக் கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் 39 என்று எழுதியே வைத்திருந்தான், பதிமூன்று நாளாக இந்த வெயில், ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் பகலில் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டாமா, நாலு மணி நேரத்திலேயே பிழியாத துணி மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள், தினம் மூன்று மணி நேரம் துண்டு விழுகிறது, மூன்று பதிமூன்று முப்பத்தொன்பது... கணக்கு சரிதான், நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்கு எழுத்தில்தான் தகராறு, கணக்கு எப்போதும் விரலில் இருந்தது. வெயில் அடித்தால் அதற்கு நீயா பொறுப்பு என்று யாராவது கேட்கலாம்... அவன்தான் பொறுப்பு, கீழ்வீடு காலியாக இருந்தும் "மேல வந்து பாரு, காத்து அள்ளிக்கிட்டுப் போகுது" என்று இவளைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தானே, கான்கிரீட் தளத்துக்கு அடியில் படுத்தால் கோடையில் என்ன கதி என்று வேறு எவனுக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியாதா, இருபத்தைந்து வருஷமாகத் தளத்துக்குத் தண்ணி விடுகிறவனுக்கு?

அதுதான் அவன் பிழைப்பு, புதுத் தளம் போட்ட மறுநாள் ஏறி, பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவான், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுவான், சுவரை நனைப்பான், படிக்கட்டை நனைப்பான், வேலையிடத்தில் அவனுக்குப் பேரே 'தண்ணி' என்றாகிவிட்டது, "தண்ணி எங்கப்பா, காலையிலயே ஏத்தியாச்சா?" என்று கூரைக்குக் கீழிருந்து கத்துவார்கள், ஆயுசில் ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு வாய்த்த பேரைப் பார்... இன்று கலவை வண்டி வரவில்லை, வேலை இல்லை, அதனால் விடிகிற நேரத்திலேயே மொட்டை மாடியில் குனிந்து இரண்டாம் கோட் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். தண்ணி நிறுத்தக் கூடாது, ஒழுகும், வேணும்னா சுண்ணாம்பு அடிச்சுக்கோ என்று வீட்டுக்காரர் நேற்றுத்தான் மனசு வைத்தார். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும், இது படித்துத் தெரிந்துகொண்டதில்லை, வெறுங்காலில் எத்தனை மாடி நடந்திருப்பான், பாதம் சொல்லிக்கொடுத்தது. ஆனால் இன்றைக்குள் அறை குளிர வேண்டுமே... முந்தாநாள் விரிப்புத் தேய்க்கும் மிஷினுக்கு முன்னால் நின்றபடியே இவள் கண்ணை மூடியிருக்கிறாள், ஒரு கண்ணிமைப்புத்தான், இரண்டு விரல் நுனி வெந்துவிட்டது. மேற்பார்வை அம்மா கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாளாம், "இன்னொரு தடவை கண்ணசந்தேன்னா கையே உள்ள போயிடும்டி, அதுக்கு முன்னால நானே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்." இதைச் சொல்லிவிட்டு இவள் சிரித்தாள்.

கீழே இறங்கி அறைக்குள் வந்தான், எட்டு மணிக்கு வந்துவிடுவாள், இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், நேற்று சாயங்காலம் குடித்த வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது, அட முட்டாளே, இதை ஒட்டித்தானே பதிமூன்று நாளாகக் கட்டில் கிடக்கிறது, காய்ச்சல்காரன் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்... கட்டிலைத் தூக்கிக் கதவோரம் போட்டான், பஞ்சு மெத்தையைச் சுருட்டி அடுக்களையில் நிறுத்தினான், நாடாக் கட்டில் மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அடியிலும் காற்று போகட்டும். கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி, பழைய செருப்பு, எதற்கென்று தெரியாத ஒரு குழாய்த் துண்டு எல்லாம் வெளியே. பிறகு மேசை விசிறியை நகர்த்தினான், அது கடகடவென்று ஆடாமல் இருக்க அடியில் மடித்து வைத்திருந்த காகிதம் நழுவி விழுந்தது... கீழே கடை வைத்திருக்கும் தையல்காரன் போன வாரம் எழுதிக் கொடுத்த சீட்டு, ஆறு வரி, ரூம் குளுந்து கெடக்கணும்னா இதைச் செய்யுங்கண்ணே என்று எழுதிக் கொடுத்தது, அவன் கொடுக்கும்போதே படிச்சுக் காட்டட்டுமா என்றான், இவன்தான் ரோஷமாக, எனக்குத் தெரியும் குடு என்று வாங்கிக்கொண்டு வந்தான், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான், மூன்றாவது வரி 'தரையை நனை', அதைப் படித்ததும் என்ன சந்தோஷம், இது நம்ம வேலையாச்சே, ஆறு குடம் தண்ணி ஊற்றினான், ஓரத்தில் துணியால் பாத்தி கட்டி நிறுத்தினான், ஜன்னலையும் சாத்தினான். மதியம் இவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, முகமெல்லாம் வேர்த்து, "ஏங்க, ராத்திரி பூரா ஆவிக்குள்ள நிக்கிறேன், பகல்லயும் நிக்கணும்னா சொல்லுங்க, சம்பளம் யாரு தருவா?" என்றாள், அன்றைக்கு மாடிப்படியில் சுருண்டு படுத்தாள், இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்...

சீட்டைக் கோபத்தோடுதான் பிரித்தான், கசக்கிப் போடத்தான் பிரித்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மூன்றாவது வரியில் ஏதோ ஒன்று, 'த'வுக்கு மேலே, மடிப்போ என்று நினைத்தான், நூல் ஒட்டியிருக்கிறதோ என்று நகத்தால் சுரண்டினான், வரவில்லை, மை... மெலிசாக, ஊசியில் கோக்கிற நூல் கனத்துக்கு ஒரு கொக்கி. தி. தி-ரை. திரையை. அவனுக்குக் காதெல்லாம் சுட்டது, சீட்டோடு இரண்டிரண்டு படியாக இறங்கினான், தையல்காரன் அப்போதுதான் கடைப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். "தம்பி, இது தரையா, திரையா?" என்று கேட்டதும் அவன் சீட்டைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், "அண்ணே... ஆறு குடம்னு சொன்னீங்களே, அது இதுதானா?" என்று ஆரம்பித்தவன் சிரித்துச் சிரித்து மிஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டான். "ஜன்னல் திரைண்ணே! அதை நனைச்சுக் கட்டுனா காத்து அது வழியா நுழைஞ்சு குளுகுளுன்னு வரும். ஜன்னலைச் சாத்திட்டுத் தரையில குளம் வெட்டுனா?" இவனுக்கு முதலில் கோபம், "கொக்கியைக் கொஞ்சம் தடிமனாப் போட்டா உங்க அப்பன் சொத்தா கொறஞ்சுடும்?" என்றான், அப்புறம் இவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது, வேறு எவனாவது இருந்தால் தரையை எதுக்குடா நனைக்கணும் என்று யோசித்திருப்பான், தண்ணி விடுகிறவனுக்கு மட்டும் சந்தேகமே வராது. "எங்க வீட்டு ஜன்னல்ல திரையே இல்லையேப்பா," என்றான். தையல்காரன் சிரிப்பை நிறுத்தினான், அலமாரியில் துழாவி ஒரு வெள்ளைத் துணியை உருவினான், யாரோ அளவு கொடுத்துவிட்டு வாங்க வராத துணி, ஓரம் மடித்துக் கயிறு நுழையக் கால் மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தான். "கொக்கி வேணுமாண்ணே, மாட்ட? ரெண்டு தடிமனாவே தரேன்," என்றான், திருட்டுப் பயல்.

இவள் வந்தபோது எட்டேகால், படியேறும் சத்தத்திலேயே களைப்புத் தெரிந்தது, ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நின்று... உள்ளே வந்தவள் கட்டில் இடம் மாறியிருப்பதைப் பார்த்தாள், ஜன்னலில் சொட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள், பிறகு ஜாக்கிரதையாகத் தரையைப் பார்த்தாள். "காஞ்சுதான் இருக்கு, பயப்படாதே," என்றான். "இன்னைக்கு என்ன புதுக் கூத்து?" என்று கேட்டுக்கொண்டே முகம் கழுவி, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படுத்தாள், பதில் சொல்வதற்குள் கண் மூடியிருந்தது. ஆனால் அது தூக்கமில்லை, அவனுக்குத் தெரியும், வெறும் களைப்பு, தூக்கம் வரும்போது கட்டு போட்ட கை தானாக நழுவிக் கட்டிலுக்கு வெளியே தொங்க வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், விசிறி மெல்லச் சுற்றியது, காற்று துணியை உள்பக்கம் தள்ளியது, தள்ளியது, விட்டது... கை நழுவியது. நழுவியதும் அவனுக்கு எழுந்து நிற்கக்கூடப் பயமாக இருந்தது.

அரை மணிக்கு ஒரு தடவை குவளையோடு பூனை மாதிரிப் போய்த் துணியை மேலிருந்து நனைத்துவிட்டு வந்தான், இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு மெதுவாக அவன் தண்ணி ஊற்றியதில்லை, சத்தம் வராமல், துணி குடிக்கிற வேகத்துக்கு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, வழக்கமாக எழுந்துவிடுகிற நேரம் தாண்டியது, எழவில்லை. ஒரு மணிக்கு வெயில் மேற்கே திரும்பியது, ஜன்னலுக்கு வெளியே ஈரச் சாக்கைக் கட்டினான், சுண்ணாம்பு என்ன செய்கிறதோ மேலே... நிமிர்ந்து பார்த்தான், தளம் பதில் சொல்லுமா என்ன. சரி, ஏழு மணி நேரம் தூங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள், அது இன்றைய பாடு, பழைய முப்பத்தொன்பது அப்படியேதானே நிற்கும்? தூக்கத்தை எந்தக் கடையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பது, சில்லறையாகத்தான் கொடுக்க முடியும், தினம் ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் முப்பத்தொன்பது நாள், அதற்குள் மழையே வந்துவிடும், மழை வந்தால் அவள் சும்மாவே தூங்குவாள், அப்போது இந்தப் பாக்கியை எதில் கழிப்பது, வெயிலில் வாங்கியதை மழையில் அடைத்தால் ஒத்துக்கொள்வாளா... சுவர் குளிர்ச்சியாக இருந்தது, வாசற்படிச் சுவர், தலையைச் சும்மா ஒரு நிமிஷம் சாய்த்தான்.

"ஏங்க... ஏங்க! வாசப்படியில உக்காந்து யாராவது இப்படிக் குறட்டை விடுவாங்களா? கீழ அந்தத் தம்பி மிஷினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டிருக்கான்." பதறி எழுந்தான், அவள் குவளையோடு நின்றாள், ஜன்னல் துணி புதிதாக நனைந்திருந்தது, முகத்தில் விரிப்பின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது, எவ்வளவு நாளாயிற்று அந்தக் கோட்டைப் பார்த்து. "மணி என்ன?" "நாலரை. இப்பதான் எந்திரிச்சேன்." எட்டு மணி நேரம்! ஏழு போக ஒன்று மிச்சம், அவன் நேராகக் கதவுக்குப் பின்னால் போய்ச் சாக்கட்டியைத் தேடியெடுத்து முப்பத்தெட்டு என்று மாற்றி எழுதினான். அவளும் பின்னாலேயே வந்தாள். "நானும் கேக்கணும்னே இருந்தேன், அது என்னங்க, தினம் அழிச்சு அழிச்சு எழுதறீங்க? கரண்டு பில்லா?" சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. "நீங்க சாரத்துல இருந்து விழுந்து ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தீங்களே, அப்பவும் வெயில்தான், விடிய விடிய உக்காந்து அட்டையால விசிறினேன். நான் எந்தக் கதவுல எழுதினேன்?" என்றாள், சொட்டுகிற திரையின் ஓரத்தைக் கையில் பிழிந்துகொண்டு வந்து அந்த எண்ணை அழுத்தித் துடைத்தாள், போய் அடுக்களையில் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவன் அங்கேயே நின்றான், சிலேட்டில் எழுதியவனுக்குத் தெரியும், ஈரத்தில் அழித்தால் போன மாதிரித்தான் இருக்கும், காய்ந்ததும் மறுபடி வெள்ளையாக எழுந்து வரும். காத்திருந்தான், கதவு ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்தது, நடுவிலும் காய்ந்தது, ஒன்றும் வரவில்லை, சலவைக்காரி கை அழிச்சா அழிச்சதுதான். ஆனால் ரெண்டு மாசம்... ராத்திரிக்கு ஆறு மணி நேரம் என்றாலும்... விரல்கள் தானாக மடங்கத் தொடங்கின, மூன்றாவது விரலில் நின்றான், ஜன்னல் துணி ஒருமுறை உப்பிப் பிடரியில் ஈரமாகப் பட்டுத் திரும்பிப் போனது, மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து விட்டான்.