மெஷினைக் குற்றம் சொன்ன காலை

மெஷின்தான், சந்தேகமே இல்லை, மெஷினுக்குத்தான் ஏதோ வந்துவிட்டது, நேற்று மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்ததே, அதில் மூளை கலங்கியிருக்கும், இல்லாவிட்டால் அவள் ஊதித் திரையில் வரும் கோடு இப்படிப் பாதியில் படுத்துக்கொள்ளுமா... ஊதியது யார்? ஊதக்கா. இந்த மருத்துவமனையில் நுரையீரல் சோதனை அறை எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளி முழிப்பார், ஊதக்கா ரூம் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார். தினமும் நோயாளிகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே ஒரு தடவை ஊதிப் பார்ப்பது வழக்கம், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய ஆரோக்கியமான நுரையீரல் ஒன்று வேண்டும் அல்லவா, அது அவளுடையது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடையதுதான்... அவள் கோடு மாறினால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த அறையின் சட்டமே அதுதான். புது அட்டைக் குழாயை மாட்டினாள், மூக்கில் கிளிப்பைப் போட்டாள், நெஞ்சு முட்ட இழுத்து, ஊது ஊது ஊது, விடாதே, இன்னும், இன்னும் என்று மனதுக்குள் தன்னையே அதட்டிக்கொண்டு ஊதினாள். கோடு அதே இடத்தில் படுத்தது. சனியன்.

போன மாதமும் இதே கதைதான், ரிப்பேர்க்காரர் வந்து கழற்றி மாட்டிவிட்டு "மெஷின் நல்லாத்தான்க்கா இருக்கு" என்றார், உனக்கு என்னப்பா தெரியும் என்று விரட்டாத குறையாக அனுப்பினாள், பாவம் மனுஷன்... வெளியே பெஞ்சில் ஒருவர் இருமுகிறார். வறண்ட இருமல், முடிவில் ஒரு விசில். ஆஸ்துமா, எழுதி வைத்துக்கொள்ளலாம், டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டும், இவளுக்குக் காது போதும். சிகரெட் இருமல் வேறு மாதிரி, காலையில் சளியோடு வண்டியை உதைத்துக் கிளப்புவது போல வரும், வீட்டில் அந்த இருமலோடு எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்! அந்த இருமலை நிறுத்தியதும் அவள்தான், புருஷனை இதே நாற்காலியில் உட்காரவைத்து, ஊதச்சொல்லி, கோட்டைக் காட்டி, "இது உங்க வயசுக்காரர் கோடு இல்ல, உங்க அப்பா வயசுக்காரர் கோடு" என்றாள், மனுஷன் அன்றோடு சிகரெட்டை விட்டார். போன மாதம் அவர் ஊதியபோது கோடு கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள், படக்கூடாதா என்ன?

சரி, சண்டைக்கு முடிவு கட்டிவிடலாம் என்று அலமாரியிலிருந்து மெஷினைச் சோதிக்கிற பெரிய குழலை எடுத்தாள். சைக்கிள் பம்புக்குத் தாத்தா போல இருக்கும், உள்ளே சரியாக மூன்று லிட்டர் காற்று, அதற்கு வயசும் கிடையாது வியாதியும் கிடையாது. மெஷினில் பொருத்தி ஒரே தள்ளு. மூன்று என்றது மெஷின். மெதுவாகத் தள்ளினாள். மூன்று. ஆத்திரத்தோடு தள்ளினாள். அதே மூன்று... ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் உட்கார்ந்துவிட்டாள். பயந்தாளா என்றால், ஆமாம், பயந்தாள், ஆனால் கண் தானாகவே திரைக்குப் போயிற்று, யாரோ ஒரு நோயாளியின் கோட்டைப் பார்ப்பது போலப் பார்த்தது. ஆஸ்துமா இல்லை, புகைக்காரர் நோயும் இல்லை, அவர்களுக்கு மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டு காற்று முக்கி முக்கி வெளியே வரும், கோடு தொய்ந்து வளையும், இது சரசரவென்று வந்து சட்டென்று தீர்ந்துபோகிறது. குழாய் அடைக்கவில்லை, நுரையீரல் பைதான் சின்னதாகிவிட்டது. ஓஹோ... மாடிப்படியில் நின்று நின்று ஏறியதற்கு உடம்பு போட்டுவிட்டது என்று யார் சொன்னது? இவளேதான் சொல்லிக்கொண்டாள்.

கேள் பார்ப்போம், தினம் எல்லோரிடமும் கேட்கிறாயே. புகை பிடிக்கிறீங்களா? இல்லை. அடுப்புப் புகை? இல்லை. வேலையில தூசி, மாவு, கல்பொடி? இந்த அறையில் தூசி இருந்தால் துடைக்கிறவரை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவாள். வீட்ல பறவை வளர்க்கிறீங்களா...

புறா. சிகரெட்டை விட்ட கை சும்மா இருக்காது, எதையாவது தேடும் என்று முதல் ஜோடியை வாங்கிக் கொடுத்தவளே அவள்தானே, இப்போது மொட்டைமாடி முழுக்க அவைதான், இன்று காலைகூட "ஏய், குஞ்சு பொரிச்சிருச்சுடி, சாயங்காலம் சீக்கிரம் வா" என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். கூண்டு கூட்டுவது யார்? "உங்க நுரையீரலுக்கு இந்தத் தூசி ஆகாது, தள்ளுங்க, என்னோடது இரும்பு" என்று ஞாயிறுதோறும் காய்ந்த எச்சத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கூட்டியது யார்? மூக்கில் ஒரு துணி? நினைத்ததுகூட இல்லை. அந்தத் தூள் எல்லோரையும் ஒன்றும் செய்யாது, சிலருடைய உடம்புதான் அதோடு மல்லுக்கு நிற்கும், நின்று நின்று நுரையீரலே தடித்து விறைத்துப்போகும்... டாக்டர் படம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லுவார், இருக்கட்டும், இன்றைக்கே அவர் முன்னால் ஊதிக் காட்டிவிடலாம், இதற்கெல்லாம் அழுதுகொண்டிருக்கிற ஆளா அவள்? ஆரம்பத்திலேயே விலகிவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். விலகுவது என்றால்... எதை விட்டு? யாரிடம் போய்ச் சொல்லி? அவளுக்காக ஒரு தடவை விட்டவர் அவர்.

கதவைத் திறந்து இருமல்காரரைக் கூப்பிட்டாள். பேக்கரி மாஸ்டராம், புருவத்தில்கூட மாவு. ஊதவைத்தாள், வழக்கம்போல வராந்தா அதிரக் கத்தினாள், கோடு அவள் காது சொன்னபடியே தொய்ந்து வளைந்தது, அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது, வித்தை போய்விடவில்லை. மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, "மாவாலதான் வருதுன்னு டாக்டர் சந்தேகப்படுறாருக்கா. முகமூடி போட்டுப் பார்க்கலாம், சரிவரலன்னா மாவையே விடணும்கிறாரு. எனக்கு அதை விட்டா வேற என்னக்கா இருக்கு?" என்றார். இதற்கு அவளிடம் தயார் பதில் ஒன்று உண்டு, மூச்சு இருந்தால்தானே மற்றதெல்லாம் என்று ஆரம்பித்துப் படபடவென்று முடிப்பாள், கேட்டவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார். வாயைத் திறந்தாள். மாஸ்டர் காத்திருந்தார். அவளும் அந்தப் பதிலுக்காக அவரைப் போலவே காத்திருந்தாள்.