நாலாம் நம்பர் சட்டை

சடையன் இறந்த செய்தி வந்தபோது ஜெயசங்கர் செண்டாயானில் உள்ள தன் வீட்டில் சடையனுடைய சட்டையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையை அல்ல, அதை மூடியிருந்த கண்ணாடியை. சட்டையைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. ஜெயசங்கருக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் சடையனின் மகள் லோகேஸ்வரி.

"அண்ணே, அப்பா காலையில தவறிட்டாரு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறோம். அம்மா அந்தச் சட்டையக் கேக்குது. கொண்டாற முடியுமாண்ணே?"

"கொண்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார். சவப்பெட்டியில் வைக்கத்தான் கேட்கிறார்கள். வைத்தால் சாம்பல்தான். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

ஜெயசங்கரின் அப்பா மந்தினுக்குப் பக்கத்தில் புக்கிட் லாடா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எழுபத்து நாலில் அந்தத் தோட்டத்துக் கால்பந்துக் குழு எல்லாத் தோட்டங்களையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் காலத்தில் சட்டையை யாரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. ஆட்டம் முடிந்த கையோடு கழற்றிக் கிராணி ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வியர்வை அவர்களுடையது, சட்டை தோட்டத்தினுடையது. பின்னால் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது, சட்டைகள் இருந்த தகரப் பெட்டி கிராணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிராணியைக் கேள்வி கேட்கிற பழக்கம் தோட்டத்தில் கிடையாது.

பூச்சி அரித்தது போக மிஞ்சியது ஒரே ஒரு சட்டை, அந்தக் குழுவில் ஆடிய சடையன் போட்ட நாலாம் நம்பர். அதில் பிடித்த பைத்தியம்தான் ஜெயசங்கருக்கு. மாநிலக் குழுவின் பழைய கொடிகள், டிக்கெட்டுகள், பேட்ஜுகள் என்று ஓர் அறையே நிரம்பிவிட்டது. வருகிறவர்களிடம் சட்டையைக் காட்டிப் பாடம் நடத்துவார். "சுத்தப் பருத்தி. நம்பர் கையால தச்சது. நாலோட இந்த ஒரு கால்ல மட்டும் பச்சை நூல் தெரியுது பாருங்க, அது பின்னால யாரோ செஞ்ச ரிப்பேர்." அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

இப்போது நிலைமை வேறு. பந்து உருளுவதற்கு முன்பே மூன்று நிறத்தில் சட்டை கடைக்கு வந்துவிடுகிறது. பெயர் சொன்னால் போதும், சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்தி முதுகில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பழசுக்கும் கிராக்கி. நீலாயில் ஜெர்சிக் கடை வைத்திருக்கும் தௌஃபீக், சடையனின் சட்டையைப் படமெடுத்துப் போய் 'ரெட்ரோ' என்று அச்சாக அதைப்போலவே செய்து விற்றான். கழுத்துப்பட்டி நைந்திருக்கும், சாயம் போயிருக்கும். ஐம்பது வருடம் செய்த வேலையை இயந்திரம் ஒரே மதியத்தில் செய்து முடித்திருந்தது. ஜெயசங்கருக்கு ஒன்றை இலவசமாகக் கொடுத்தான். சடையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஜெயசங்கர் அந்த நகலைத்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அழுகிற வீட்டில் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? அசல், கண்ணாடிச் சட்டத்தோடு காரின் பின்பெட்டியில் இருந்தது. இழவு முடிந்ததும் அதை நீலாய்க்குக் கொண்டுபோய் தௌஃபீக்கின் புதுக் கடையில் காட்சிக்கு வைப்பதாகப் பேச்சு.

மந்தினில் சடையன் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். சடையனுக்குப் பழுப்பேறிய பட்டு வேட்டி கட்டியிருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி ராக்கம்மா. ஜெயசங்கர் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது புது மருமகளாகத் தோட்டத்துக்கு வந்தவள்.

"வந்துட்டீங்களா சின்னையா" என்றவள் இடுப்பிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். "சட்டையக் குடுங்க. நம்பர மட்டும் பிரிச்சுக்கிறேன். சட்டை எஸ்டேட்டுது, அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஜெயசங்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நம்பரா?"

"அந்த வருசம் நம்பரில்லாத சட்டையாத்தான் வந்துச்சு. அவங்கவங்க வீட்டுல தச்சுக்கச் சொல்லிட்டாங்க. வெள்ளைத் துணிக்கு எங்க போறது? இவரு கல்யாண வேட்டியில ஒரு மூலைய வெட்டுனேன். எனக்கு நேராத்தான் வெட்ட வரும், வளைச்சு வெட்ட வராது. அதனாலதான் இவரு நாலாம் நம்பர் கேட்டு வாங்குனாரு." சடையனுக்குக் கட்டியிருந்த அதே வேட்டியின் ஓரத்தை அவள் தூக்கிக் காட்டினாள். ஒரு மூலை இல்லை. "வெள்ளை நூலு தீந்துபோயி கடைசிக் கால மட்டும் பச்சை நூல்ல தச்சேன். அந்தத் துண்டும் சேந்து வேட்டி முழுசாப் போகட்டும் சின்னையா. அதுக்குத்தான் கேட்டேன்."

ஜெயசங்கர் கார் நின்ற பக்கம் பார்த்தார். ஓடிப்போய்க் காரைத் திறந்திருக்கலாம். இருபதடி தூரம்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால், கிராணி மகன் போலியைக் கொண்டுவந்தான் என்று ஆகிவிடும். பையை நீட்டினார்.

ராக்கம்மா சட்டையை உட்புறம் திருப்பினாள். விரலால் தடவினாள். மறுபடி தடவினாள். நம்பர் ரப்பர் மாதிரி வழவழவென்றிருந்தது.

"தையலே இல்லியே சின்னையா. இது அந்தச் சட்டைதானா?"

"அதேதான்க்கா."

ஒரே வார்த்தைதான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கிராணி வீட்டுப் பேச்சைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. தன்னையே சந்தேகப்பட்டாள்.

"அம்மா சும்மா கதை கட்டியிருக்கு போல" என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். ராக்கம்மா கத்தரிக்கோலை மடியில் போட்டுக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தாள். "அம்பது வருசமா நான்தான் தச்சேன், நான்தான் தச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எதையோ மாத்தி நெனச்சுக்கிட்டேன் போலருக்கு. நீங்களும் சொல்லலியே" என்றாள். நகலை மடித்து அவர் மார்பில் வைத்தாள். பெட்டியை மூடினார்கள்.

சிரம்பான் மின்சுடலை வரைக்கும் ஜெயசங்கர் பின்னாலேயே ஓட்டிப் போனார். எல்லாரும் உள்ளே போன பிறகும் காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரம் என்று அவருக்கே தெரியாது. சட்டையை இழப்பதற்கு இப்போது பயமில்லை. பொய் வெளிப்படுவதற்குத்தான் பயம். அந்தப் பயத்தைவிட, தன் கையையே நம்பாமல் அவள் கணவரின் முகத்தைப் பார்த்தது பெரிதாகத் தெரிந்தபோது, இறங்கிப் பின்பெட்டியைத் திறந்தார்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும்போது எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே உலைக் கதவு அடைத்தாயிற்று.

"ராக்கம்மாக்கா, இதுதான் அசல். அது கடைச் சட்டை. நான் பொய் சொல்லிட்டேன்."

லோகேஸ்வரி, "என்னண்ணே இது!" என்று கத்தியே விட்டாள். ராக்கம்மா கத்தவில்லை.

"கண்ணாடியக் கழட்டுங்க."

கழற்றினார். அவள் சட்டையை உட்புறம் திருப்பி, நம்பரின் முதுகில் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு தையலாக இறங்கி வந்து கடைசிக் காலில் நின்றாள்.

"பச்ச நூலு" என்றாள். "பாத்தியா லோகேசு? அம்மா பொய் சொல்லல. என் கைக்கு மறதி இல்ல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தின நாளிலிருந்து வராத அழுகை. ஜெயசங்கர் கைகூப்பினார். "பிரிச்சுக்குங்கக்கா. சட்டையையே எடுத்துக்குங்க."

அவள் மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டையை நான்காக மடித்து, அவருடைய கைகளில் வைத்தாள்.

"இனிமே எனக்கு எதுக்கு சின்னையா? அவரு வேட்டி மூலையில்லாமயே போயிட்டாரு. நீங்களே வச்சுக்குங்க."

லோகேஸ்வரி அவளைக் கைத்தாங்கலாக வேனுக்கு அழைத்துப் போனாள். அவர் பையில் இருந்த கைபேசியில் தௌஃபீக்கின் அழைப்பு அதிர்ந்துகொண்டேயிருந்தது. ஜெயசங்கர் எடுக்கவில்லை. ஒரு தையல்கூடப் பிரியாமல் சட்டை அவர் கையில் முழுசாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.